மெட்ஸ் அணிக்கு இன்னொரு முதல்தரத் தொடக்க வீச்சாளர் தேவையா?

செந்தூல் வாசகர் (கோலாலம்பூர்):

அமெரிக்காவின் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி 2025 பருவத்தில் ஜூன் நடுப்பகுதியை எட்டியபோது 45 வெற்றி, 24 தோல்வி என்று மேஜர் லீக்கிலேயே முன்னணியில் இருந்தது. பருவம் முடிந்தபோது கணக்கு 83 வெற்றி, 79 தோல்வி. கடைசி நாளில் மயாமி மார்லின்ஸிடம் தோற்றதோடு, அதே 83 வெற்றிகளைப் பெற்ற சின்சினாட்டி ரெட்ஸ் நேரடி மோதல்களில் முந்தியிருந்ததால், பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுக்குப் போகும் வாய்ப்பும் கைநழுவியது.

சரிவு தொடங்கிய இடத்தைத் தேடினால், ஆட்டத்தை முதல் இன்னிங்ஸிலிருந்து வீசத் தொடங்கும் தொடக்க வீச்சாளர்களிடம்தான் வந்து நிற்கிறோம். ஜூன் 12 அன்று, முதல் பேஸ் வீரர் பீட் அலோன்சோ சற்று உயரமாக எறிந்த பந்தை முதல் பேஸில் எட்டிப் பிடிக்கப்போய்க் கோடாய் செங்காவின் தொடைத்தசையில் காயம் ஏற்பட்டது. அதுவரை ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.47 ரன் என்ற சராசரியில் வீசிக்கொண்டிருந்தவர் அவர். அதே மாதத்தில் கிரிஃபின் கேனிங்கிற்குக் குதிகால் தசைநார் அறுந்தது. டைலர் மெகில், ஃபிராங்கி மொன்டாஸ் இருவரும் முழங்கைக் காயத்தால் விலகினார்கள். ஷான் மனாயா தாமதமாகத் திரும்பி வந்தும் முந்தைய ஆண்டின் வீச்சு திரும்பவில்லை.

இப்போது சந்தையில் கிடைக்கும் முதல்தர வீச்சாளர் ஒருவருக்குப் பெரும் தொகை கொடுத்து நீண்டகால ஒப்பந்தம் போடுவதுதான் வழி என்று நான் கருதுகிறேன். நம் நேரத்துக்குக் காலை ஏழு மணிக்குப் பசியாறிக்கொண்டே இந்த அணியின் ஆட்டங்களைப் பார்க்கும் மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆயர் ஈத்தாம் ரசிகை (பினாங்கு):

வணக்கம் அண்ணா. தொடக்க வீச்சை வலுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மெட்ஸுக்குக் குறைந்தது தரம் மட்டுமா, அல்லது இன்னிங்ஸா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைக் கொட்டினால் அடுத்த ஆண்டும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். தொடக்க வீச்சாளர்கள் சராசரியாக ஆறு இன்னிங்ஸ் வீசினால் மீதமுள்ள மூன்றும் சேர்ந்து, கூடுதல் இன்னிங்ஸை விட்டுவிட்டால், புல்பென், அதாவது தொடக்க வீச்சாளருக்குப் பின் வந்து வீசும் மாற்று வீச்சாளர்களின் குழு, 486 இன்னிங்ஸ் சுமக்க வேண்டும். ஐந்தோடு நின்றுவிட்டால் அது 648 ஆகிறது. ஒரு நல்ல மாற்று வீச்சாளர் ஆண்டு முழுவதும் வீசுவதே அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் என்பதால், இடையில் விழும் அந்த 162 இன்னிங்ஸை நிரப்ப இரண்டு பேருக்கு மேல் வேண்டும். ஆனால் 26 பேர் கொண்ட அணியில் வீச்சாளர்கள் 13 பேரைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஐந்து தொடக்க வீச்சாளர்கள் போக எட்டுப் பேர் மிஞ்சுகிறார்கள். செங்காவுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்க ஆறு தொடக்க வீச்சாளர்கள் முறைவைத்து வீசும் சுழற்சிக்குப் போனால் அதுவும் ஏழாகிவிடும்.

2025 கோடையில் நடந்தது இதுதான். பல வாரங்களுக்கு டேவிட் பீட்டர்சனைத் தவிர ஆறு இன்னிங்ஸை முடிக்கக்கூடியவர் என்று நம்பிச் சொல்ல ஒருவர்கூட இல்லை. அவரும் பருவத்தின் இரண்டாம் பாதியில் களைத்துப் போனார். ஜூலை இறுதியில் வீரர் பரிமாற்றக் காலம் முடிவதற்குள் நிர்வாகம் கிரெகரி சோட்டோ, டைலர் ராஜர்ஸ், ரையன் ஹெல்ஸ்லி என்று மூன்று மாற்று வீச்சாளர்களையும், வெளிக்களத்துக்கு செட்ரிக் மல்லின்ஸையும் வாங்கியது. தொடக்க வீச்சாளர் ஒருவரையும் வாங்கவில்லை. புல்பென் ஏன் களைத்தது என்று கேட்காமல், களைத்த புல்பென்னுக்கு ஆள் சேர்த்தார்கள். அப்படி வந்த ஹெல்ஸ்லி, மெட்ஸ் சீருடையில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுத்தார் என்பது அந்தக் கதையின் கசப்பான பகுதி.

ஆகவே நான் தேடுவது பெரிய பெயரை அல்ல. முப்பது ஆட்டங்களைத் தொடங்கி, 170, 180 இன்னிங்ஸை அலுங்காமல் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய ஒருவரைத்தான். அவருடைய சராசரி நான்கு ரன்னுக்குச் சற்றுக் கீழே இருந்தாலே எனக்குப் போதும்.

பங்சார் பார்வையாளர் (கோலாலம்பூர்):

நீங்கள் இருவருமே பழியை ஒரே பக்கம் வைக்கிறீர்கள். எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட மெட்ஸ் 2025இல் மீட்டு வெல்லவில்லை. மட்டையாளர் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்த அணிக்கு இந்த நிலை என்றால், குறை வீச்சில் மட்டும் இல்லை.

முதல்தர வீச்சாளர் என்ற மருந்தை இந்த அணி ஏற்கெனவே குடித்துப் பார்த்திருக்கிறது. 2023இல் மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் இருவரும், ஆண்டுக்கு ஆளுக்கு 43 மில்லியன் டாலருக்கு மேல் சம்பளத்தில், நாற்பதை ஒட்டிய வயதில் இங்கே இருந்தார்கள். அணி 75 வெற்றிகளோடு முடிந்தது. பரிமாற்றக் காலம் முடிவதற்குள் இருவரும் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹாலடே, லீ, ஹேமல்ஸ், ஆஸ்வால்ட் என்று முதல்தர வீச்சாளர்கள் நால்வரை வைத்திருந்த 2011 பிலடெல்ஃபியா ஃபிலீஸ் 102 ஆட்டங்களை வென்றும், முதல் சுற்றிலேயே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் 0–1 என்று தோற்று வீடு திரும்பியது. அன்று ஹாலடேதான் வீசினார். ரன் எடுக்க ஆளில்லாத நாளில் அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பணக் கணக்கும் இருக்கிறது. அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கான வரி வரம்பின் மிக மேலான படியைத் தொடர்ந்து தாண்டும் அணி, கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 110 விழுக்காடு வரி கட்ட வேண்டும். 30 மில்லியன் சம்பளத்தில் ஒருவரை எடுத்தால் உரிமையாளரின் பையிலிருந்து போவது 63 மில்லியன். ஸ்டீவ் கோஹன் அதைக் கொடுக்கக்கூடியவர்தான். ஆனால் அந்தத் தொகையில் நான் இரண்டு மட்டையாளர்களை வாங்குவேன்.

செந்தூல் வாசகர்:

பங்சார் நண்பரே, 2023 பற்றிச் சொன்னது எனக்கு உறைக்கிறது. வயது அங்கே பெரிய காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கிளே ஹோம்ஸை மறந்துவிடாதீர்கள். மாற்று வீச்சாளராகவே இருந்த அவரைத் தொடக்க வீச்சாளராக மாற்றியதில் 160 இன்னிங்ஸுக்கு மேல் கிடைத்தது. ஆகஸ்டில் அறிமுகமான நோலன் மெக்லீன் எட்டு ஆட்டங்களில் 2.06 என்ற சராசரியில் வீசினார். இவர்கள் இருக்கும்போது வெளியிலிருந்து ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்கிறீர்களா?

ஜெலுத்தோங் சாஃப்ட்பால் பயிற்றுநர் (பினாங்கு):

எட்டு ஆட்டங்களை வைத்து ஓர் இளைஞர்மீது பருவம் முழுவதையும் ஏற்றிவிடக்கூடாது. மெக்லீனை நான் பெரிதும் நம்புகிறேன். ஆனால் எதிரணிகள் அவருடைய வளைவுப் பந்துகளைப் படமெடுத்துப் படித்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை ஒரு முழு ஆண்டு பார்த்தாக வேண்டும். ஹோம்ஸும் முன்பு இவ்வளவு வீசிப் பழகாதவர் என்பதால், அடுத்த ஆண்டு அவருடைய தோளும் முழங்கையும் எப்படி இருக்கும் என்ற கவலை நியாயமானதே.

பங்சார் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நம் நாட்டு ரசிகர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல: 2014 தாமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியாட்டத்தில் லீ சோங் வெய் முதல் ஒற்றையரை வென்று கொடுத்தார், ஆனாலும் ஜப்பான் 3–2 என்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. பேஸ்பாலில் முதல் வீச்சாளர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் களத்தில் நிற்கிறார். மற்ற நான்கு நாளும் வேறு யாரோதான் வீச வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் டோட்ஜர்ஸ் 2025இல் உலகத் தொடரை வென்றதைப் பாருங்கள். அவர்களுடைய தொடக்க வீச்சாளர்கள் ஸ்னெல், கிளாஸ்னோ இருவரும் பருவத்தில் பல மாதங்கள் காயத்தால் வெளியே இருந்தார்கள், ஓட்டானி அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்லத்தான் வீச்சுக்குத் திரும்பினார். இருந்தும் அக்டோபரில் யமமோட்டோவோடு இந்த மூவரும் நலமாக இருந்ததால், பருவம் முழுவதும் தடுமாறிய புல்பென்னை அந்த அணியால் முடிந்தவரை மறைத்து வைக்க முடிந்தது. ஐந்து பேருக்கு எட்டுப் பேரை வைத்திருப்பதன் பலன் அதுதான்.

அதோடு, ஒருவரும் குறிப்பிடாத ஒன்று உள்களத் தடுப்பு. பீட்டர்சனும் ஹோம்ஸும் தரையோடு உருளும் பந்துகளை வரவழைக்கும் வீச்சாளர்கள். உள்கள வீரர் லின்டோர் ஒருவர் மட்டும் அங்கே உறுதியாக நின்றால் போதாது. உருண்டு வரும் பந்து இடைவெளியில் புகுந்து போனால், முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸில் இன்னும் பத்துப் பந்து வீச வேண்டியிருக்கும், ஆறாவது இன்னிங்ஸும் கிட்டாது. முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் நல்ல கைகளை வைத்தால், ஆயர் ஈத்தாம் சகோதரி கேட்கும் இன்னிங்ஸில் ஒரு பகுதி, புதிய வீச்சாளர் யாரும் வராமலே கிடைத்துவிடும்.

என் விடை இது: முப்பது வயதைத் தாண்டாத, அல்லது தாண்டியும் குறுகிய ஒப்பந்தத்துக்கு இசையும் ஒரு தொடக்க வீச்சாளர் கட்டாயம் வேண்டும். இரண்டாவது ஆள் தேவையா என்பது செங்காவைப் பொறுத்தது. செப்டம்பரில் அவரே சம்மதித்து சிரக்யூஸில் உள்ள துணை அணிக்குப் போகும் நிலை வந்துவிட்டது. அவரை ஆறாவது ஆளாக வைத்துக்கொண்டு புல்பென்னில் ஓர் இடத்தை இழப்பதா, வேறு அணிக்கு மாற்றிவிட்டு ஐந்து பேரோடு நிற்பதா என்பதைத்தான் மெட்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் டேவிட் ஸ்டேர்ன்ஸ் முதலில் முடிவு செய்ய வேண்டும். சந்தைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.