கால் புண் தரவு: 90 சதவீதம் சரி என்றால் போதுமா?

நாகர்கோவில் மாணவி
சர்க்கரை நோயாளிகள் 180 பேரின் கால் புண் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஆறு மாதத்தில் 18 பேருக்கு விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டி வந்தது. வயது, சர்க்கரை அளவு, வாக்னர் தரம் (புண் எவ்வளவு மோசம் என்பதன் படிநிலை) என்று ஒன்பது காரணிகளைப் போட்டு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஒன்று நடக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மாடல்) ஓட்டினேன். 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது. ஆய்வேட்டில் இதை எழுதினால் போதுமா?

தக்கலை புள்ளியியல்
போதாதும்மா. "ஒருவருக்கும் கால் போகாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 162 பேர் விஷயத்தில் சரிதான். அதுவும் 90 சதவீதம். அந்த 18 பேரைப் பற்றி உங்கள் எண் ஒன்றுமே சொல்லவில்லை. தவிர, 18 நிகழ்வுக்கு ஒன்பது காரணி ரொம்ப அதிகம். பத்து நிகழ்வுக்கு ஒரு காரணி என்ற பழைய கணக்கைக் கேள்வி கேட்கிறவர்கள்கூட இரண்டுக்கு ஒன்றை ஏற்க மாட்டார்கள். காரணிகளைக் குறையுங்கள், நிகழ்வுகள் குறைவாக இருக்கும்போது வரும் பிழையைக் குறைக்க ஃபர்த் என்ற புள்ளியியலாளர் 1993இல் சொன்ன திருத்தத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

குளச்சல் டாக்டர்
அண்ணே, ஆய்வேட்டுக்கு இதெல்லாம் சரி. என்னிடம் வருகிறவர் கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது சிப்பி கிழித்த காலோடு வருகிறார். பாதத்தில் உணர்ச்சி இல்லை, நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா வேண்டாமா, அதுதான் என் கேள்வி. யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்தினால் போதும். ஏயூசி, அதாவது அந்த வரிசை எவ்வளவு சரி என்று சொல்லும் அளவு, நன்றாக இருந்தால் அந்த மாடலை எடுத்துக்கொள்வேன்.

தக்கலை புள்ளியியல்
உங்கள் கேள்விக்கே வரிசை போதாது டாக்டர். மாடல் எல்லாருக்கும் சொல்லும் ஆபத்துச் சதவீதத்தைப் பாதியாக்குங்கள். வரிசை மாறாது, ஏயூசியும் மாறாது. ஆனால் 30 சதவீதம் ஆபத்துள்ளவரிடம் 15 என்று சொல்லியிருப்பீர்கள். அனுப்ப ஒரு கோடு போடுவீர்கள் இல்லையா? ஒரு காலைத் தவறவிடுவது ஒன்பது பேரை வீணாக அலைய விடுவதற்குச் சமம் என்று நினைத்தால் கோடு 10 சதவீதம், அதாவது பத்தில் ஒருவர். மாடல் சொல்லும் 10 நிஜத்தில் 10ஆக இல்லாவிட்டால் அந்தக் கோட்டை எங்கே போடுவது? 20 சதவீதம் என்று சொன்ன ஐம்பது பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு நடந்ததா? காலிபரேஷன் என்பது அதைப் பார்ப்பதுதான்.

குளச்சல் டாக்டர்
ஒன்பதுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன். அலைச்சல் என்றால் அவருக்கு ஒருநாள் கூலி போச்சு, கூட வரும் மனைவிக்கும் போச்சு. இரண்டு தடவை வீணாக அனுப்பினால் மூன்றாவது தடவை போகவே மாட்டார். என் கணக்கு நாலுக்கு ஒன்று, கோடு 20. ஆனால் எண் நம்பும்படி இருக்கணும் என்பது சரி. 18 பேரை வைத்து அதைப் பார்க்க முடியுமா?

தக்கலை புள்ளியியல்
உறுதியாக முடியாது. அதனால்தான் தங்கச்சியிடம் சொல்கிறேன், காலிபரேஷனைப் பார்க்கும் ஹாஸ்மர்-லெமெஷோ சோதனையில் பி மதிப்பு 0.05க்கு மேல் வந்தது, கோளாறு எதுவும் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இவ்வளவு சின்னத் தரவில் கோளாறு இருந்தாலும் அது பிடிக்காது. பூட்ஸ்ட்ராப் செய்து, அதாவது இதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஓட்டி, எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

நாகர்கோவில் மாணவி
சரி அண்ணா. ஆறிய புண், ஆறாமல் இழுக்கும் புண் இரண்டையும் "கால் போகவில்லை" என்று ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அது தப்பா?

தக்கலை புள்ளியியல்
சேர்க்காதீர்கள். ஆறியது, இழுப்பது, எடுத்தது என்று மூன்று படியாக வையுங்கள். அதற்கு வரிசை லாஜிஸ்டிக் மாடல் இருக்கிறது. இரண்டாக மடக்கினால் கையில் இருக்கும் தகவலை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள்.

குளச்சல் டாக்டர்
இதில் நான் அண்ணன் பக்கம். ஆறு மாதமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போக முடியாதவரை ஆறினவரோடு சேர்க்கவே கூடாது.