ஆட்டிசம் உள்ள எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை: எப்படித் தேடுவது?

கேள்வி (திருப்பூர், வயது 26)
வணக்கம். பி.காம். படித்து, டாலி கணக்கு மென்பொருளில் 3 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது சென்ற ஆண்டுதான் உறுதியானது. பழைய அலுவலகத்தில் ஒரே அறையில் மூன்று தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். மதியத்துக்குள் தலை கனத்து, எண்கள் மனத்தில் நிற்காமல் போய்விடும். வீட்டிலோ, ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைத் தேடியெடுக்கும் வேலையை நான்கு மணி நேரம் தொடர்ந்து செய்கிறேன். ஆனால் நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாயடைத்துப் போகிறேன். என் நிலையை முன்கூட்டியே சொல்லலாமா?

பதில் 1
நானும் ஆட்டிசம் உள்ளவன்தான். ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்து தரவு சரிபார்க்கிறேன். நோயின் பெயரைச் சொல்வது போல் ஆட்டிசம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள். "கேள்விகளை முந்தைய நாளே மின்னஞ்சலில் அனுப்புங்கள், பேச்சுக்குப் பதிலாக ஒரு மாதிரி வேலையைக் கொடுத்துப் பாருங்கள்" என்று நான் எழுதிய நிறுவனங்களில் சில பதிலே அனுப்பவில்லை. பதில் அனுப்பிய ஒன்றில்தான் இன்றும் இருக்கிறேன். விடுபட்ட பில்லால் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கைவிட்டுப் போகும் என்பதால், நீங்கள் சொல்லும் திறமை ஆடிட்டர் அலுவலகங்களுக்கு மிகவும் தேவை. பெயர்களை மறைத்து, நீங்கள் ஒப்பிட்ட ஒரு மாதப் பட்டியலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

பதில் 2 (மனிதவளத் துறை)
2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 20 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனம் தன் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடுவதோடு, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அங்கெல்லாம் தயங்காமல் அவருக்கே எழுதுங்கள். யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; மருத்துவ மதிப்பீட்டுக்குக் காலம் பிடிக்கும்.

பதில் 3
தம்பி, ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தாயாக ஒன்று சொல்கிறேன். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். என் மகன் 2,500 ரூபாய் கட்டிய மறுநாளே அந்த எண் அணைந்துவிட்டது. எழுத்தில் வந்ததெல்லாம் உண்மை என்றே அவன் நம்பியிருந்தான்.

கேட்டவர்
மூவருக்கும் நன்றி. மார்ச் மாதப் பட்டியலில் பெயர்களை மறைத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டு ஆடிட்டர் அலுவலகங்களுக்கு அனுப்புகிறேன்.