மேல்நிலைத் தொட்டி நீரில் தானியங்கிப் பாசனம்: குழாய் புதைக்கும் முன் ஆலோசனை வேண்டும்

கேள்வி: மண்வாசி

வணக்கம். புதிய வீட்டின் கட்டுமானம் முடியும் நிலையில் இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 200 சதுர மீட்டர் இடத்தில் தோட்டம் அமைக்க விரும்புகிறோம். நடைபாதைக்குக் கல் பதிக்கும் வேலை இரண்டு வாரத்தில் தொடங்கிவிடும் என்பதால், மண்ணுக்கடியில் போக வேண்டிய குழாய்களை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். தலா 10 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு காய்கறிப் பாத்திகள், 12 பழமரக் கன்றுகள், வேலியோரமாக 30 மீட்டருக்குப் பூச்செடிகள், முன்புறத்தில் 60 சதுர மீட்டர் புல்தரை என்பது திட்டம். மண் மணற்பாங்கானது. தண்ணீர், மாடியில் இருக்கும் 2,000 லிட்டர் தொட்டியிலிருந்து வரும்; தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் உள்ளது.

ஆறு சோலனாய்டு வால்வுகளும் (மின்காந்தத்தால் இயங்கும் வால்வுகள்) அவற்றை இயக்க ஒரு டைமரும் வாங்கி, முக்கால் அங்குலக் குழாயில் எல்லாவற்றையும் இணைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். புல்தரைக்குத் தெளிப்பான், மற்றவற்றுக்குச் சொட்டுநீர். இந்த ஏற்பாடு சரியாக வருமா? வாங்கிய பிறகு வருந்துவதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

மறுமொழி 1: குழாய்ப்பித்தன்

தயவுசெய்து வால்வுகளை இன்னும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் திட்டத்தில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டி நிறைந்திருக்கும்போது 0.7 பாரும், தீரும் நிலையில் 0.6 பாரும் கிடைக்கலாம். அதுவும் நீர் ஓடாமல் நிற்கும்போதுதான். தோட்டத்துக்கென விற்கப்படும் சோலனாய்டு வால்வுகளில் பெரும்பாலானவை, உள்ளே உள்ள ரப்பர் சவ்வைத் தள்ளவும் மூடவும் நீரின் அழுத்தத்தையே பயன்படுத்துகின்றன. அதற்கு 1 பார் அளவிலான குறைந்தபட்ச அழுத்தத்தைத் தயாரிப்பாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். மாதிரிக்கு மாதிரி இது மாறும். அழுத்தம் போதாவிட்டால் வால்வு திறக்காமல் போவதைவிட, முழுமையாக மூடாமல் போவதே பெரிய தொல்லை. முதல் தோட்டத்தில் நான் இதே தவற்றைச் செய்து, ஒரு நாள் காலையில் பல் துலக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் நின்றேன். மரத்தடி மட்டும் குளமாக இருந்தது.

உங்களுக்கு ஏற்றது மோட்டாரால் திரும்பும் பால் வால்வு, அதாவது பந்து வால்வு. அது உள்ளே உள்ள துளையிட்ட பந்தைச் சுழற்றித் திறந்து மூடுவதால் அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கும்போது, மின்சாரம் தடைப்பட்டால் தானாக மூடிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்; இல்லாவிட்டால் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். வால்வு எந்த மின்னழுத்தத்தில் இயங்குகிறதோ அதே மின்னழுத்தத்தைத் தரும் டைமரும் வேண்டும். சோலனாய்டு வால்வுக்கான டைமர்கள் பெரும்பாலும் 24 வோல்ட் மாறுமின்னோட்டம் தருபவை. பால் வால்வுகளில் பல 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை.

புல்தரைத் தெளிப்பான்களுக்கு ஏறத்தாழ 2 பார் தேவைப்படும் என்பதால், தொட்டியின் அழுத்தத்தில் அவை குமிழிவிட்டு நிற்குமே தவிர தெளிக்காது. ஒன்று, புல்தரைக்கு மட்டும் தொட்டிக்குப் பின் ஒரு சிறிய பம்ப் வையுங்கள். அல்லது, 60 சதுர மீட்டர்தானே, ஹோஸ் பிடித்து நனையுங்கள்.

அடுத்து, நீரின் அளவு. தோட்டக் குழாய் தொடங்கும் இடத்தில் 20 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 50 வினாடி என்றால் மணிக்கு 1,440 லிட்டர். ஆனால் அது எந்தத் தடையும் இல்லாத திறந்த குழாய் முனையில் கிடைக்கும் அளவு. ஃபில்டரும் குழாயும் சொட்டுவான்களும் (நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு துளைகள்) சேர்ந்தால் அது குறையும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கையே, அதாவது 960 லிட்டரையே, நான் கணக்கில் எடுப்பேன். இனி உங்கள் பாத்திகள்: பாத்திக்கு இரண்டு வரிசை, மொத்தம் 80 மீட்டர், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 267 சொட்டுவான்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் 534 லிட்டர். ஆகவே நான்கு பாத்திகளுக்கும் ஒரே வால்வு போதும். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால், 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். இருபத்திரண்டு நிமிட ஓட்டத்தில் முடிந்துவிடும்.

மறுமொழி 2: வேரடி

முன்னவர் வால்வைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நிமிடக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. சொட்டுவானில் அச்சிடப்பட்டிருக்கும் 2 லிட்டர் என்பது பெரும்பாலும் 1 பார் அழுத்தத்தில் தரும் அளவு. சாதாரணச் சொட்டுவானின் வெளியேற்றம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், வழியில் ஏற்படும் இழப்புகள் போக 0.5 பார் எஞ்சினால் ஏறத்தாழ 1.4 லிட்டரே கிடைக்கும். அப்படியானால் பாத்திகளுக்கு மணிக்கு 374 லிட்டர். 200 லிட்டருக்கு முப்பத்திரண்டு நிமிடம். இதை நம்பவும் வேண்டாம். ஒரு சொட்டுவானின் கீழே கிண்ணம் வைத்து, ஆறு நிமிடத்தில் சேரும் நீரை அளந்து பத்தால் பெருக்குங்கள். வரிசையின் முதலிலும் கடைசியிலும் அளந்தால், சீராகப் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்களை யாராவது உயர்ந்தவை என்று பரிந்துரைப்பார்கள். சரிவான நிலத்துக்கும் பம்ப் உள்ள இடத்துக்கும் அவை சிறந்தவைதான். ஆனால் அவற்றில் பல, சமன்செய்யத் தொடங்குவதற்கே 0.5 முதல் 1 பார் வரை கேட்கும் என்பதால், உங்கள் தொட்டிக்குச் சாதாரண வகையே பொருத்தம்.

பழமரக் கன்றுகளையும் வேலியோரப் பூச்செடிகளையும் ஒரே வால்வில் இணைக்கும் ஆசை வரும். நீரின் அளவும் அதற்கு இடம் கொடுக்கும். செய்யாதீர்கள். பூச்செடிக்கு மணற்பாங்கான மண்ணில் தினமும் சிறிது நேரம் விட வேண்டும். மரத்துக்கு இடைவெளி விட்டு நெடுநேரம் விட்டால்தான் வேர் கீழே இறங்கும். தேவை வேறுபடும் செடிகளுக்கு வால்வும் வேறாக இருப்பதே நல்லது. மரத்துக்கு இப்போது இரண்டு சொட்டுவான் போதும்; மரம் வளர வளர அவற்றைத் தண்டிலிருந்து வெளியே நகர்த்தவும், மேலும் இரண்டைச் சேர்க்கவும் பக்கக் குழாயில் சற்று நீளம் விட்டுவையுங்கள்.

மறுமொழி 3: பாத்திக்காரர்

டைமரும் வால்வும் பின்னால் மாற்றக்கூடியவை. கல்லுக்கடியில் போவது மாற்ற முடியாதது. ஆகவே இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நடைபாதை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் 75 அல்லது 90 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை வெறும் உறையாகப் புதைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றைப் போட்டு, இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள். நீர்க்குழாயும் மின்கம்பியும் பிறகு அதன் வழியே போகும். உறை எங்கே முடிகிறது என்பதைச் சுவரிலிருந்து அளந்து எழுதி, மூடும் முன் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்; நினைவிருக்கும் என்று எண்ணித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

முதன்மைக் குழாய்க்கு முக்கால் அங்குலம் வேண்டாம், 1 அங்குலமோ அதற்கு மேலோ போடுங்கள். அழுத்தம் மிகுந்த இடத்தில் சிறிய குழாயின் உராய்வு இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். உங்களிடம் இழப்பதற்கே அழுத்தம் இல்லை. அதே காரணத்தால் எல்போக்களையும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்புகள்) குறைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி படாத ஆழம், அதாவது 30 முதல் 45 சென்டிமீட்டர், போதுமானது. பி.வி.சி.யை வெயிலில் விட்டால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே தெரியும் பகுதிக்குப் பூச்சு அடியுங்கள். ஒட்டிய பசை காய்ந்த பின் நீரை நிரப்பி, முனைகளை அடைத்து, ஒரு முழு நாள் கசிவு பார்த்த பிறகே பள்ளத்தை மூடுங்கள்.

தொட்டியை விட்டு வந்ததும் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணிகள் கொண்ட வலை) ஃபில்டர், சொட்டுநீர்க் குழாய் ஒவ்வொன்றின் முனையிலும் கழற்றக்கூடிய அடைப்பு, அமைப்பின் உயரமான இடத்தில் குழாய்க்குள் காற்றை விடும் ஒரு ஏர் வால்வு ஆகியவை அவசியம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், வால்வு மூடும்போது குழாயினுள் ஏற்படும் உறிஞ்சலால் சொட்டுவான் வழியே சேறு உள்ளே போகும்.

மண்வாசி

மூவருக்கும் நன்றி. நேற்று அளந்து பார்த்ததில் 20 லிட்டர் வாளி நிறைய 64 வினாடி ஆனது. மணிக்கு 1,125 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு 750 என்பதால் பாத்திகளுக்கு ஒரு வால்வு இன்னும் தாங்கும் என்று தெரிகிறது. ஆறு வால்வு என்பது மூன்றாகிவிட்டது. புல்தரையை இப்போதைக்கு ஹோஸில் நனைத்துக்கொள்கிறேன், பம்ப் வைப்பதற்கான உறைக் குழாயை மட்டும் புதைத்துவிடுகிறேன். ஒரு கவலைதான் மிச்சம்: வீட்டுப் புழக்கத்துக்கும் இதே தொட்டிதான். நாங்கள் வெளியூர் போயிருக்கும்போது ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

மறுமொழி 4: குழாய்ப்பித்தன்

தோட்டத்துக்கான குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து எடுக்காமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே துளையிட்டு எடுங்கள். வால்வு என்ன ஆனாலும் அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள ஏறத்தாழ 650 லிட்டர் வீட்டுக்கே இருக்கும். அடியில் படியும் வண்டலும் ஃபில்டருக்கு வராது. தொட்டியை நிரப்பும் பம்ப் நீர்மட்டம் பார்த்துத் தானாக இயங்குவதாக இருந்தால், வெளியூர் போகும் நாட்களில் அதற்கும் ஒரு நேர வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் சிக்கிய வால்வுக்கு அது இரவு முழுவதும் நீர் ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியை ஒட்டிக் கையால் மூடும் ஒரு பால் வால்வும் போட்டுவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது தேவைப்படும்.