கம்மியா சாப்பிட்டா மெட்டபாலிசம் (உடம்பு கலோரி எரிக்கிற வேகம்) படுத்துருமா? வெயிட் நின்னு போனதுக்கு அதுதான் காரணமா?

கொங்குத்தமிழன்:
ஜிம் ட்ரெய்னர் ஒரு விஷயம் சொன்னாரு, சரியான்னு தெரியணும். காலைல ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம் பொரியல், நைட்டு ரெண்டு சப்பாத்தி, இதுதான் என் சாப்பாடு, கணக்கு போட்டா 1000 கலோரி பக்கம் வருது. ஆரம்பத்துல மளமளன்னு எறங்குச்சு, இப்போ கொஞ்ச நாளா முள்ளு அசையவே மாட்டேங்குது. ரொம்ப கம்மியா சாப்பிடுறதால உடம்பு பட்டினின்னு நினைச்சு எல்லாத்தையும் கொழுப்பா சேத்து வச்சுக்குதாம், 400 கலோரி கூட சாப்பிட்டா திரும்ப எறங்க ஆரம்பிக்கும்ங்கிறாரு. உண்மையா?

லேப்கோட்:
இல்ல ப்ரோ. இந்த ஒரு கதையை நம்பித்தான் நிறைய பேரு பாதியில டயட்டை விடுறாங்க. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்ங்கிறவர் 36 ஆம்பளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாரு, போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கலன்னு மறுத்தவங்க, அவங்களாவே முன்வந்து கலந்துக்கிட்டாங்க. 24 வாரம், ஒரு நாளைக்கு சுமார் 1570 கலோரி, உருளைக்கிழங்கு, ரொட்டி, டர்னிப் மாதிரி சாப்பாடு, அதோட வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடம்பு எடையில கிட்டத்தட்ட கால்வாசி போயிருச்சு. உடம்புல கொழுப்பு ரொம்ப கம்மியாத்தான் மிஞ்சிச்சு. கம்மியா சாப்பிட்டா உடம்பு கொழுப்பை சேக்கும்னா அவங்க எலும்பும் தோலுமா ஆகியிருக்கவே முடியாது.

நித்யா_கே:
அதே ஆராய்ச்சில இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். அவங்க பேசல் மெட்டபாலிசம், அதாவது சும்மா ஓய்வுல இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி, 40 சதவீதம் கிட்ட எறங்குச்சு. கடைசி வாரங்கள்ல எடை எறங்குறது கிட்டத்தட்ட நின்னே போச்சு, அதே கம்மி சாப்பாட்டுல. அப்போ "மெட்டபாலிசம் குறையுறதெல்லாம் கட்டுக்கதை"ன்னு பேசுறது தப்பு. 1995ல லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பாத்தது, எடையில 10 சதவீதம் குறைச்சவங்களுக்கு, உடம்பு சின்னதானதுக்கு எவ்வளவு செலவு குறையணுமோ அதுக்கும் மேல, கொழுப்பில்லாத உடம்பு எடை ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 6ல இருந்து 8 கலோரி கூடுதலா குறைஞ்சிருந்தது. 50 கிலோ இருந்தா 300 கலோரி. அது ஒரு வேளை டிபன்.

லேப்கோட்:
அந்த 40ல பெரும்பகுதி உடம்பே சுருங்கினதால வந்தது. தசை போச்சு, உறுப்புகள் சின்னதாச்சு, செலவு குறையத்தான் செய்யும். அவங்க எடை நின்னது எந்த நிலைமையில? உடம்புல கொழுப்பு சுமார் 5 சதவீதம் இருக்கும்போது. நம்ம நண்பருக்கு தொப்பை இருக்குன்னு தான் டயட்டே ஆரம்பிச்சிருக்காரு. 300 குறைஞ்சா வேகம் குறையும், ஒத்துக்கலாம், ஆனா 1000 சாப்பிடுற ஒரு ஆளுக்கு எறங்குறது நிக்காது.

நித்யா_கே:
சரி, பிக்கஸ்ட் லூசர்ங்கிற அமெரிக்க டிவி எடை குறைப்பு போட்டியில கலந்துக்கிட்டவங்க? 2016ல கெவின் ஹால் டீம் வெளியிட்டது, 14 பேரு, 6 வருஷம் கழிச்சு அளந்தாங்க, ஓய்வுல இருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிறது எதிர்பாத்ததை விட சுமார் 500 கலோரி கம்மி. குறைச்ச எடையில பெரும்பகுதி திரும்ப வந்திருந்தும் அந்த 500 மீளவே இல்ல. பட்டினி மாதிரி ஒரு டயட்டும் மணிக்கணக்கா ஒர்க்கவுட்டும் போட்டு உடம்பை வதைச்சதுக்கு உடம்பு அதை மறக்கல. கிராஷ் டயட் பண்ற ஒவ்வொரு பொண்ணுக்கும் இதை சொல்லணும்னு நான் நினைக்கிறேன்.

லேப்கோட்:
அந்த பேப்பர்லயே இன்னொன்னும் இருக்கு. 6 வருஷம் கழிச்சும் எடையை அதிகமா ஏறவிடாம வச்சிருந்தவங்களுக்கு தான் மெட்டபாலிசம் இன்னும் ஜாஸ்தியா எறங்கியிருந்துச்சு. அது எடை குறையுறதை தடுக்கிற பூட்டுன்னா இது தலைகீழா இருக்கணும்ல.

முள்ளு அசையாததுக்கு நான் முதல்ல பாக்கிறது கணக்கை. 1992ல நியூயார்க்ல, 1200 கலோரிக்கு கீழ சாப்பிட்டும் எடை குறையலன்னு சொன்ன 10 பேரை விசேஷமா குறியிட்ட தண்ணி கொடுத்து, உடம்பு உண்மையிலே எவ்வளவு எரிக்குதுன்னு அளந்தாங்க. மெட்டபாலிசம் நார்மல். சாப்பிடுறதுல சராசரியா 47 சதவீதம் கம்மியா சொல்லியிருந்தாங்க.

நித்யா_கே:
இது வந்தாலே எனக்கு கோபம் வருது. "நீ பொய் சொல்ற"ன்னு டாக்டர்லேர்ந்து சொந்தக்காரங்க வரைக்கும் குண்டா இருக்கிறவங்க கேட்டு கேட்டு சலிச்சு போன வார்த்தை இது. என் தங்கச்சிக்கு தைராய்டு, கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் அவளை எல்லாரும் ஒளிஞ்சு திங்கிறான்னு தான் சொன்னாங்க. அதுவும் இல்லாம கம்மியா சாப்பிடும்போது ஆள் அசையுறதே குறைஞ்சிரும், மாடிப்படி ஏறாம லிப்ட் எடுப்போம், உக்காந்த இடத்துலயே இருப்போம், காலாட்டுறது கூட நின்னுரும், அதெல்லாம் கலோரி தானே, அது யாருக்கும் தெரியாம குறையுது.

தினமும்_நடை:
யாரும் பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல அக்கா, கண்ணால பாத்து அளக்கிறது எல்லாருக்குமே தப்பும், டயட்டீஷியன்களுக்கும் தப்பும். கொங்கு அண்ணா, இட்லிக்கு பொடி வச்சு நல்லெண்ணெய் ஊத்துறீங்கள்ல, அதை கணக்குல போட்டீங்களா? 15 மில்லி எண்ணெய் 120 கலோரி. குழிக்குள்ள எண்ணெய் நின்னு பொடி மிதக்கிற அளவுக்கு ஊத்துனா 30 மில்லி போயிரும், அதுவே மூணு நாலு இட்லிக்கு சமம். பொரியல்ல தேங்கா, தாளிப்பு, சப்பாத்தில தடவுறது, இதெல்லாம் ஒரு தடவை கிச்சன் தராசுல வச்சு பாருங்க.

இன்னொன்னு தண்ணி. நாளைக்கு 500 கலோரி பற்றாக்குறை இருந்தா வாரத்துக்கு 3500, அது அரை கிலோ கொழுப்பு கூட வராது. உப்பு ஜாஸ்தியான கருவாட்டு குழம்பு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறும், பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் சமயத்துல அதுக்கு மேலயும் ஏறும், புதுசா வெயிட் தூக்க ஆரம்பிச்சாலும் தசை தண்ணி பிடிச்சு வச்சுக்கும். கொழுப்பு உள்ள குறைஞ்சுகிட்டே இருக்கும், முள்ளுல தெரியாது. அந்த மினசோட்டா ஆளுங்களுக்கே காலெல்லாம் நீர் கோத்து வீங்குச்சு. தினமும் காலைல ஒரே நேரத்துல பாத்து வார சராசரி எடுங்க, இடுப்பை டேப்ல அளந்து வைங்க.

லேப்கோட்:
சரியா சொன்னீங்க. இன்னும் ஒன்னு, பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆராய்ச்சி, 2017ல வந்தது, சர்க்கரை நோயாளிகளுக்கு சுமார் 850 கலோரி, 3ல இருந்து 5 மாசம். நாலுல ஒருத்தர் 15 கிலோவுக்கு மேல குறைச்சாங்க, கிட்டத்தட்ட பாதி பேருக்கு சர்க்கரை ரெமிஷன், அதாவது மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்கு கீழ வந்துருச்சு. எந்த உடம்பும் பூட்டிக்கல.

நித்யா_கே:
அது ஹெல்த் டீம் கூடவே இருந்து, மாத்திரையை நிறுத்தி, விட்டமின் சேத்த ஷேக் கொடுத்து பண்ணது. இவர் ரெண்டு இட்லில பண்றாரு. இவர் லிஸ்ட்ல பருப்பு இல்ல, முட்டை இல்ல, தயிர் கூட இல்ல. இப்படி எறங்குனா கொழுப்போட தசையும் போகும், வேகமா குறைச்சா பித்தப்பை கல்லு வர்ற ரிஸ்க்கும் இருக்கு. பூட்டுங்கிற வார்த்தையை விடுங்க, நான் அதை சொல்லவே இல்ல. அந்த ட்ரெய்னர் சொன்ன காரணம் எதுவா வேணா இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் சாப்பிடுன்னு சொன்னது இவருக்கு நல்லதுதான்.

லேப்கோட்:
புரதம் கூட்டுங்கன்னா நானும் கை தூக்குவேன். ஆனா "400 கூட சாப்பிட்டா வெயிட் எறங்கும்"ங்கிறது வேற, அது நடக்காது. எண்ணெயை அளக்காம மேல 400 போட்டா ஏறத்தான் செய்யும்.

கொங்குத்தமிழன்:
எண்ணெய் நான் கணக்குல எடுக்கல, பாட்டில்லேர்ந்து அப்படியே தான் ஊத்துவேன். தராசு ஆர்டர் போட்டாச்சு. நித்யா அக்கா, தைராய்டுக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும், வெறும் வயித்துல போகணுமா?

நித்யா_கே:
முதல்ல டிஎஸ்எச்ங்கிற ரத்த டெஸ்ட் போதும் தம்பி, வெறும் வயிறு கட்டாயம் இல்ல, காலைலயே கொடுத்துட்டா நல்லது. முடி, தோலுக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறீங்கன்னா லேப்ல சொல்லிடுங்க, ரிசல்ட்டை மாத்தி காட்டும். மதியம் ரெண்டு முட்டையும் ஒரு கப் சுண்டலும் இன்னைக்கே சேருங்க, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.