முட்டையை பிரிட்ஜில் வைப்பதா, வெளியே வைப்பதா? வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து

செந்தூல்வாசி:

வணக்கம் மக்களே. கேள்வி சின்னதுதான், ஆனால் வீட்டில் மூன்று நாளாக இதே பேச்சு. கோலாலம்பூர் செந்தூலில் 14ஆவது மாடியில் இருக்கிறோம், மத்தியான வெயில் நேராகச் சமையலறைக்குள்தான் இறங்கும். ஈப்போவிலிருந்து மாமியார் வந்து தங்கியிருக்கிறார். அவருக்கு முட்டை என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் பிரம்புக்கூடையில் இருக்க வேண்டும். "கடைக்காரனே வெளியேதானே அடுக்கி வைத்து விற்கிறான், நீ ஏன் ஐஸ்பெட்டிக்குள் தள்ளுகிறாய்" என்கிறார். நான் உள்ளே வைப்பேன், காலையில் அவர் எடுத்துக் கூடையில் வைப்பார், ராத்திரி நான் மறுபடி உள்ளே. இப்படியே போகிறது.

நேற்று சந்தேகம் வந்து மிச்சமிருந்த 11 முட்டையையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டமாக நின்றன, ஒன்று மேலே மிதந்தது. இன்று காலை வேறொன்றை உடைத்தால் மஞ்சள் கரு மேல் மிளகு அளவுக்கு ரத்தப் புள்ளி. "குஞ்சு பிடித்துவிட்டது, பாவம் சேரும், கொட்டு" என்றார் அத்தை. கொட்டிவிட்டேன். அது வீணா, இல்லை கொட்டியது சரிதானா?

இன்னொன்று. பையனுக்கு 4 வயது. கோப்பிக்கடையில் அப்பா சாப்பிடுவதைப் பார்த்து அவனுக்கும் அரை வேக்காட்டு முட்டை வேண்டுமாம், கிச்சாப்பும் (சோயா சாஸ்) வெள்ளை மிளகுத்தூளும் போட்டுச் சாசரில் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். கொடுக்கலாமா? அப்புறம் இந்த ஒமேகா முட்டை, கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டையெல்லாம் கொடுக்கிற காசுக்குத் தகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் நாசி லெமாக் அக்கா:

தங்கச்சி, நான் பினாங்கில் காலைக் கடை போடுகிறேன், ஒரு நாளைக்கு மூன்று தட்டு முட்டை (தட்டுக்கு 30) ஓடும். எனக்கு பிரிட்ஜே தேவையில்லை, ஏனென்றால் விடிகாலை வந்த முட்டை மறுநாள் மத்தியானம் வரைகூட என்னிடம் தங்காது. உங்கள் மாமியார் அடுப்புப் பக்கம் வைத்ததும் அந்தக் காலத்து வழக்கம்தான், வீட்டில் பத்துப் பேர் இருந்தால் முட்டைக்கு எங்கே பழசாக நேரம்? நீங்கள் மூன்று நாலு பேர் ஒரு தட்டை இரண்டு வாரம் வைத்துச் சாப்பிடுகிறீர்கள், அதுவும் வெயில் இறங்குகிற சமையலறையில். பிரிட்ஜ்தான்.

மிதந்த முட்டை விஷயம். முட்டையின் தடித்த முனையில் சின்னக் காற்றறை இருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் வெளியே போய் அந்த அறை பெரிதாகும், அதனால்தான் படுக்கிற முட்டை நிமிர்ந்து நிற்கிறது, அப்புறம் மிதக்கிறது. ஆகவே அது வயசைக் காட்டுகிறதே தவிர கெட்டுவிட்டதா என்று காட்டாது. நட்டமாக நின்ற இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள், கூமுட்டை என்றால் மூக்கே சொல்லிவிடும், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லும். மிதந்ததை நான் என் கடையில் போடமாட்டேன். ஒருமுறை சோம்பலில் நேராகச் சட்டிக்குள் உடைத்து, ஒரே ஒரு கூமுட்டையால் ஒன்பது முட்டையும் எண்ணெயும் போயிற்று, அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் கிண்ணம்தான்.

சம்பாலுக்கு அவிக்கும்போது மட்டும் பழைய முட்டைதான் எனக்கு வேண்டும். அன்று வந்த முட்டையை அவித்தால் ஓடு வெள்ளைக் கருவையும் பிய்த்துக்கொண்டு வரும், தட்டில் வைத்தால் எலி கடித்த மாதிரி இருக்கும்.

பட்டர்வொர்த் மாமா:

இருபது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் காசுக் கணக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முட்டைத் தட்டில் ஏ, பி, சி என்று போட்டிருப்பது தரம் இல்லை, எடை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சி கிரேட் என்றால் மட்டமான முட்டை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஏ என்றால் 60 முதல் 65 கிராம், பி 55 முதல் 60, சி 50 முதல் 55, அவ்வளவுதான். 2024 ஜூனில் அரசாங்கம் விலையைக் குறைத்தபோது ஏ 42 காசு, பி 40, சி 38. ஒரு தட்டு ஏ முட்டை 12 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. கிராம் கணக்குப் போட்டால் அன்றைக்கு ஏ முட்டைதான் மலிவு, நூறு கிராம் சுமார் 67 காசு, சி முட்டையில் 72 காசு. ஆனால் அக்கா மாதிரி எண்ணிக்கைக்கு விற்பவர்களுக்கு, ஆளுக்கு ஒன்று வைக்க வேண்டுமென்றால், சி தான் கட்டும். 2025 ஆகஸ்டு முதல் மானியமும் இல்லை, விலைக் கட்டுப்பாடும் இல்லை, ஆகவே கடைக்குக் கடை விலை மாறும், வாங்குகிறவர்தான் கணக்குப் போட வேண்டும்.

2022 கடைசியில் முட்டையே கிடைக்காமல் அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறி, தீவனச் செலவு கட்டாமல் பண்ணைகள் கோழியைக் குறைத்துவிட்டார்கள். அப்போது நாமக்கல்லிலிருந்து கப்பலில் முட்டை இறக்கினார்கள். என் தாத்தா பிறந்த ஊர் நாமக்கல் பக்கம், எனக்கு என்னவோ சொந்தக்காரர் வந்த மாதிரி ஒரு சந்தோஷம்!

வாங்கும்போது தட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். போன மாதம் ஒரு பேரங்காடியில் மேலே பளபளவென்று இருந்தது, வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் நாலு கீறல், அட்டை ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. மாற்றித் தரமாட்டேன் என்றார்கள். கீறல் விட்டதை வைத்துக்கொள்ளவே கூடாது, அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

ராஜா_கிள்ளான்பாதை:

மாமியாரும் மருமகளும் முட்டைக்குத்தான் சண்டை என்றால் அந்த வீடு சொர்க்கம் லா.

பிறை தரக்கட்டுப்பாடு:

உணவு ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை, முட்டைத் தூளும் திரவ முட்டையும் தினமும் பார்க்கிற ஆள் நான். விட்டுப்போனதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த உள்ளே வெளியே விளையாட்டு. அதுதான் தவறு, மாமியார் கூடை அதைவிடப் பரவாயில்லை. குளிர்ந்த முட்டையை நம் ஊர்க் காற்றில் எடுத்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஓடு வியர்க்கும், விரலால் தொட்டுப் பாருங்கள், வழுக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, வெளியே ஒட்டியிருக்கிற அழுக்கும் கிருமியும் அந்த ஈரத்தோடு உள்ளே போகச் சுலபமாகிறது. ஒருமுறை பிரிட்ஜுக்குள் போனால் சமைக்கிற வரைக்கும் அங்கேயே. வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சட்டிக்குப் போய்விட வேண்டும். கதவில் உள்ள முட்டைக் குழி வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். உள் தட்டில், அட்டையோடு, கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். 4 பாகை செல்சியஸில் மூன்று முதல் ஐந்து வாரம் தாங்கும். அவித்தது ஒரு வாரம்தான்.

கழுவி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டை இடும்போதே ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். அமெரிக்காவில் ஆலையிலேயே கழுவிவிடுவதால்தான் அங்கே கடையிலும் குளிரிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பாவில் பொதுவாகக் கழுவுவதில்லை, அலமாரியில் வெளியே இருக்கும். ஆனால் அங்கே கடைக்குள் 20 பாகை, நமக்கு 32, அதைப் பார்த்து இங்கே செய்ய முடியாது. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவியே ஆகவேண்டும் என்றால் சமைப்பதற்குச் சற்று முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி வெளி அழுக்கை இழுத்துக்கொள்ளும்.

ரத்தப் புள்ளி குஞ்சு இல்லை. மஞ்சள் கரு உருவாகும்போது கோழியின் உடம்பில் மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று உடைந்தால் அப்படி வரும். கூண்டுப் பண்ணையில் சேவலே கிடையாது, அந்த முட்டையை 21 நாள் இல்லை, 21 மாதம் அடை வைத்தாலும் குஞ்சு வராது. அத்தையிடம் சொல்லிவிடுங்கள், பாவமும் இல்லை. கரண்டி முனையால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம். கம்பத்துக் கோழியில் சேவல் சுற்றுவதால் கதை வேறு, அதில் கரு பிடித்திருக்கலாம், வெக்கையில் சில நாள் கிடந்தால் லேசாக வளரவும் தொடங்கலாம். அதனால் அதை வாங்கின அன்றே உள்ளே வையுங்கள்.

தகுமா என்று கேட்டீர்களே. ஓடு பழுப்பா வெள்ளையா என்பது கோழி இனம். மஞ்சள் கரு ஆரஞ்சாக இருப்பது தீவனம், மக்காச்சோளமும் செண்டுமல்லிப் பூச்சாறும் போட்டால் நிறம் ஏறும். சத்துக்கு அதை அளவுகோலாக எடுக்காதீர்கள். ஒமேகா முட்டையில் ஆளி விதையோ மீன் எண்ணெயோ தின்னக் கொடுப்பதால் உண்மையிலேயே ஒமேகா 3 கூடுதல், ஆனால் வாரம் இரண்டு முறை கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் குழம்பு வைக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

பையனுக்கு அரை வேக்காடு வேண்டாம். கொதித்த தண்ணீரை ஊற்றி ஆறு ஏழு நிமிடம் மூடி வைக்கிற முறையில் நடுக் கரு சால்மோனெல்லா சாகிற அளவுக்குச் சூடாவதில்லை, 71 பாகை தொட வேண்டும். அந்தக் கிருமி ஓட்டின் மேல் மட்டும் இல்லை, சில சமயம் கோழியின் உள்ளிருந்தே முட்டைக்குள் வந்துவிடும், ஆகவே எவ்வளவு சுத்தமான முட்டை என்றாலும் உத்தரவாதம் கிடையாது. பெரியவர்கள் தெரிந்தே சாப்பிடுகிறோம், நானும்தான். 5 வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இவர்களுக்குக் கரு கெட்டியாகும் வரை.

ஆயர் ஈத்தாம் நாசி லெமாக் அக்கா:

ஆமாம், உணவு கையாளுவோர் வகுப்பிலும் குழந்தை, கர்ப்பிணி என்று இதையேதான் சொன்னார்கள். பையனுக்கு முழுசாக அவித்து, சாசரில் மசித்து, அதே கிச்சாப்பும் மிளகும் போட்டு ஸ்பூன் கொடுங்கள். அப்பா மாதிரிச் சாசர் வேண்டும் என்பதுதான் அவன் ஆசை, முட்டை இல்லை. அவித்ததும் ஐஸ் தண்ணீரில் போடுங்கள், கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வராது. அது அதிகமாக வெந்ததால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து வருவது, சாப்பிடலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

பட்டர்வொர்த் மாமா:

அரை வேக்காடு என்றதும் ஞாபகம். சென்னையில் ஓட்டலில் உட்கார்ந்து "ஆஃப் பாயில் இரண்டு" என்றேன், ஒரு பக்கம் பொரித்த தெலோர் மாத்தாவைக் கொண்டுவந்து வைத்தான். கிச்சாப் எங்கே என்று நான் கேட்க, அவன் தக்காளி சாஸ் பாட்டிலை நீட்டினான்.

செந்தூல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நட்டமாக நின்ற இரண்டும் நன்றாக இருந்தன, அவித்ததில் ஓடும் அழகாக உரிந்து வந்தது. மிதந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பிறைக்காரர் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், சேவல் இல்லாத பண்ணை என்றதும் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்படியானால் அது சைவமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சாயங்காலம் பார்த்தால் பிரம்புக்கூடையை முட்டையோடு அப்படியே பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருக்கிறார், என் தயிர்ப் பாத்திரம் வெளியே வந்துவிட்டது.