நீளம் பாய்தல் பயிற்சியில் காணொளியை எவ்வளவு காட்டுவது?

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
வணக்கம். நீளம் பாய்தல் பயிலும் மாணவிகளைக் கைப்பேசியில் படம்பிடித்து, ஒவ்வொரு பாய்ச்சலும் முடிந்ததும் காட்டி வருகிறேன். தொடக்கத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இப்போதோ, ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் திரையைப் பார்க்க ஓடி வருகிறார்கள். பாய்ச்சல் எப்படி இருந்தது என்று கேட்டால் விடை வருவதில்லை. காட்டுவதைக் குறைப்பதா, காட்டும் முறையை மாற்றுவதா?

மாங்குளம் பயிற்றுநர்:
ரீச்சர், இரண்டையும் செய்யுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் வெளியிலிருந்து தகவல் கிடைத்தால், கற்பவர் அதையே நம்பித் தமது உடல் உணர்த்துவதைக் கவனிக்காமல் விடுகிறார் என்று சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1984இலேயே விளக்கி எழுதினார்கள். 1997இல் ஜெனெல் குழுவினர், பழக்கமில்லாத கையால் பந்தெறியக் கற்றவர்களை ஆராய்ந்தபோது, தாம் விரும்பிக் கேட்டபோது மட்டும் ஒளிப்பதிவைப் பார்த்தவர்களிடமே நல்ல எறிமுறை நிலைத்திருந்தது. ஆகவே, ஊன்றி எழும் பலகையில் கால் எங்கே பட்டது, கடைசிக்கு முந்திய அடியில் இடுப்புத் தாழ்ந்ததா என்று முதலில் மாணவியையே சொல்ல வையுங்கள். அவர் கேட்டால் மட்டும், அந்த ஒன்றைப் பார்ப்பதற்காகக் காட்டுங்கள். கையையும் தலையையும் இறங்கும் காலையும் ஒரே மூச்சில் திருத்த முற்படுவது, என் பார்வையில், காணொளியால் வரும் பெரிய தீங்கு.

கிளிநொச்சி வாசகர்:
படம்பிடிக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். பலகையில் கால் ஊன்றி எழும் நேரம் ஏறத்தாழ 0.12 செக்கன் மட்டுமே; செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரணப் பதிவில் அதற்கு மூன்று நான்கு படங்களே கிடைக்கும், 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்கப் பதிவிலோ முப்பதுக்குக் கிட்டக் கிடைக்கும். அதற்கு நல்ல வெளிச்சம் தேவை. நமது வெயிலில் அதற்குக் குறைவில்லை, ஆனால் திரையைப் பார்க்க மரநிழலுக்குத்தான் போக வேண்டும். கைப்பேசியைப் பலகைக்கு நேர் பக்கவாட்டில், இடுப்பளவு உயரத்தில், சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். சரிவாக எடுத்த படத்தைக் கினோவியா போன்ற இலவச மென்பொருளில் இட்டுக் கோணம் அளந்தால் வரும் எண் பொய்யாகவே இருக்கும். சோளகக் காற்று வீசும் காலத்தில் கைப்பேசியை நிறுத்தும் தாங்கியின் காலில் ஒரு மண்பையைக் கட்டிவிடுங்கள்.

ஒட்டுசுட்டான் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் இடுமாறு மாணவிகள் கேட்கிறார்கள். இடலாமா?

மாங்குளம் பயிற்றுநர்:
வேண்டாம், ரீச்சர். படம்பிடிப்பதற்கே பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். அவரவர் பதிவை அவரவருக்கு மட்டும் காட்டிவிட்டு, ஒப்பிடத் தேவையான ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை அன்றன்றே அழித்துவிடுங்கள்.