நைனாவின் ரிவால்வரா, புதுசாக ஒரு சின்ன பிஸ்டலா? (.32, லைசென்ஸ் உண்டு)

தங்கசாலை_பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். தங்கசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கட்டித் தங்கமோ முடிந்த வேலையோ கையில் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் ராயபுரம், காசிமேடு வழியாக வீட்டுக்குப் போவேன்.

நைனாவிடம் கான்பூரில் செய்த .32 ரிவால்வர் ஒன்று லைசென்ஸோடு இருந்தது. அவர் காலமானதும் அதை டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். தோட்டாக்களை அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். பாட்டிலோடு அப்படியே கொடுத்தாயிற்று. அப்புறம் வாரிசு என்று விண்ணப்பம் போட்டு, வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, ஒருவழியாக லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது.

குழப்பம் இப்போதுதான். ரிவால்வர் கனம். இடுப்பில் வைத்தால் சட்டைக்குள் கொழுக்கட்டை மாதிரி புடைத்துத் தெரிகிறது. டீலர், "இதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு .32 பிஸ்டல் எடுத்துக்கொள்ளுங்கள், தட்டையாக இருக்கும், எட்டுத் தோட்டா, விலையும் கம்மி" என்கிறார். கம்மி என்றால் நம் ஊர்க் கம்மி, லட்சத்தை ஒட்டித்தான். ஹூஸ்டனில் இருக்கும் மச்சான் 300 டாலருக்குள் டாரஸ் கம்பெனியின் ஜி2சி பிஸ்டல் வாங்கி வைத்திருக்கிறார். ஒருமுறைகூட ஜாம் ஆனதில்லையாம்.

விலை குறைந்த சின்ன பிஸ்டலை நம்பலாமா? அழுத்தினால் வெடிக்க வேண்டும், அழுத்தாதபோது வெடிக்கக் கூடாது. வேறெதுவும் கேட்கவில்லை.

பெரம்பூர்_25மீட்டர்:

மச்சான் சொல்வதை மச்சானோடு விட்டுவிடுங்கள். ஜி2சி 9 எம்.எம். நம் ஊரில் அது தடை செய்யப்பட்ட குழல் அளவு (bore), சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. யூடியூபில் வருகிற மலிவு பிஸ்டல் சோதனைகளில் முக்கால்வாசி 9 எம்.எம்.தான். நமக்கு .32, .22 வகைகள்தான் கணக்கு.

அழுத்தாதபோது வெடிப்பது பற்றிக் கேட்டீர்கள். டாரஸின் பழைய மாடல்கள் ஒன்பது, கீழே விழுந்தால் வெடிக்கின்றன என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து 2015-ல் சமரசத்தில் முடிந்தது. ஜி2சி அதற்கு அப்புறம் வந்தது, அந்தப் பட்டியலில் இல்லை. வாங்குவதற்கு முன் இந்த மாதிரி விஷயம் எல்லா கம்பெனிக்கும் விசாரிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. டீலர் சொல்கிற பிஸ்டலும் .32, உங்கள் ரிவால்வரும் .32, ஆனால் தோட்டா வேறு. பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். எங்கள் சென்டர்ஃபயர் துப்பாக்கி சுடும் போட்டியில் பெரும்பாலும் சுடுவது இந்த லாங் தோட்டாவைத்தான். ஒன்றை மற்றொன்றில் போட்டுப் பார்க்காதீர்கள். ரிவால்வருக்குள் ஏ.சி.பி. நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

காலடிப்பேட்டை_ஆர்மரர்:

தம்பி, நான் பட்டாளத்தில் இ.எம்.இ.-யில் (தளவாடம் பழுது பார்க்கிற பிரிவு) ஆர்மரராக, அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக இருந்தவன். ரிட்டயர் ஆகி உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறேன். 9 எம்.எம். 1ஏ பிஸ்டலைக் கழற்றி மாட்டியே விரல் தேய்ந்தது. இஷாப்பூரில் செய்தது, பிரௌனிங் ஹை-பவர் வம்சம். அது ஒன்றும் மலிவுச் சரக்கு இல்லை. அதுவும் ஜாம் ஆகும். "ஆர்மரர் சாப், அடைக்குது" என்று எவன் கொண்டுவந்து நீட்டினாலும் நான் முதலில் பிஸ்டலைப் பார்க்க மாட்டேன், மேகசினைத்தான் (தோட்டா அடுக்குகிற பெட்டி) கேட்பேன். எங்கேயாவது சிமென்ட் தரையில் போட்டிருப்பான், வாய் லேசாக வளைந்திருக்கும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் செத்திருக்கும்.

சின்ன பிஸ்டலில் இந்தத் தொல்லை ஏன் கூடுதல் என்றால், ஸ்லைடு (சுட்டதும் பின்னால் ஓடித் திரும்புகிற மேல்பாகம்) போய்த் திரும்புகிற தூரம் குறைவு. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியாக வேண்டும். பெரிய பிஸ்டலில் கொஞ்சம் சோம்பேறி ஸ்பிரிங்கும் தப்பித்துக்கொள்ளும். சின்னதில் தப்பாது. விலையைக் குறைக்கிறவன் குழலில் கை வைப்பது அபூர்வம். தோட்டா ஏறுகிற சரிவை மெருகேற்றாமல் விடுவான், சேம்பர் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கிற அறை) வாயில் பிசிறு இருக்கும், மேகசின் தகடு மெல்லிசாக இருக்கும். மூன்றும் நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) கையில் சரியாகிற சமாச்சாரம்தான்.

.32 ஏ.சி.பி.-க்கு என்று தனியாக ஒரு குணம் உண்டு. பிரௌனிங் 1899-ல் போட்ட தோட்டா அது. அடியில் விளிம்பு லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் தட்டினாலும் வராது, இழுத்தாலும் வராது. மேகசினைக் கழற்றிக் கையால் நெம்ப வேண்டும். நிரப்பும்போது ஒவ்வொன்றும் முந்தினதற்கு முன்னால் விளிம்பு வருகிற மாதிரி வை. குண்டு குட்டையான தோட்டா என்றால் உள்ளே ஆடுவதற்கு இடம் கூடும், தொல்லையும் கூடும். உருண்டை மூக்கு, முழு உறை போட்ட குண்டே போதும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த பிஸ்டலை நம்பலாமா என்று எவனாலும் சொல்ல முடியாது, டீலராலும் முடியாது, என்னாலும் முடியாது. அமெரிக்காக்காரன் புது பிஸ்டல் வாங்கினால் இருநூறு முன்னூறு சுட்டுத் தள்ளிவிட்டு அப்புறம்தான் இடுப்பில் வைக்கிறான். நம் ஆள் ஐந்து சுட்டுவிட்டு, "சூப்பரா இருக்கு" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறான். தோட்டா விலை ஒரு பக்கம், வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று லைசென்ஸ் புக்கில் எழுதியிருக்கிற கணக்கு இன்னொரு பக்கம் கையைக் கட்டுகிறது, புரிகிறது. ஆனால் உன் பிஸ்டல், உன் மேகசின், உன் தோட்டா, உன் கை, இந்த நாலும் சேர்ந்து நூறு ரவுண்டு தடங்கல் இல்லாமல் போகிற வரைக்கும் அது வெறும் இரும்பு. கிளப்பில் சேர்ந்து ரேஞ்சில் சுடு. மேகசின் அடியில் பெயின்டால் 1, 2 என்று எழுதிக்கொள். எது எந்த ரவுண்டில் அடைத்தது என்று நோட்டில் குறி. இரண்டாவது மேகசின் மட்டும் அடைக்கிறது என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ரிவால்வரில் தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி விசையை இழு, அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ள இரண்டு கையும் வேண்டும். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறவனுக்கு ஒரு கைகூடச் சும்மா இல்லை. அதற்காக ரிவால்வர் தெய்வம் இல்லை. தோட்டாவின் அடிக்கேப் (தட்டினதும் தீப்பொறி விடுகிற மூடி) வெளியே தள்ளியிருந்தால் உருளை சுற்றாது, வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் ஒரு மணல் துணுக்கு மாட்டினால் மூடாது.

நம் பக்கத்துக் கடல் காற்றை மறந்துவிடாதே. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ஜன்னல் கம்பியே அரித்துப்போகிறது. சித்திரை வெயிலில் இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் வேர்வை உப்பு வேறு. காலையில் தொட்ட விரல் ரேகை இரண்டு நாளில் துருவாக நிற்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். தோல் உறைக்குள்ளேயே விட்டுவிடாதே, தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சேம்பருக்குள் எண்ணெய் ஊற்றாதே, தோட்டாவின் கேப்பில் கசிந்தால் மருந்து செத்துவிடும். இன்னொரு கெட்ட பழக்கம், தினமும் ராத்திரி சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டுக் காலையில் அதையே ஏற்றுவது. நாலு முறை சரிவில் மோதினால் குண்டு உள்ளே அமுங்கிவிடும். அப்புறம் சுட்டால் அழுத்தம் எகிறும். பிஸ்டலே வாங்கினாலும் சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டு போ என்பதுதான் என் கட்சி. ஒரு நொடி தாமதம் ஆகும், ஆகட்டும்.

உன் நைனா அந்த ரிவால்வருக்கு என்ன எண்ணெய் போட்டார் என்று தெரியுமா?

தங்கசாலை_பட்டறை:

ஐயா, தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. குங்குமமும் வைப்பார்.

காலடிப்பேட்டை_ஆர்மரர்:

நினைத்தேன். முதலில் அதை லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுத்துக் கழற்றிக் கழுவச் சொல். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் தோட்டாவை நம்பி எங்கேயும் போகாதே. ரேஞ்சில் சுட்டுத் தீர். வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது, குழலை முன்னால் நீட்டியபடியே முப்பது எண்ணு. தாமதமாக வெடிக்கிறது உண்டு.

விற்கிற அவசரமும் வேண்டாம். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டு ஆயுதம் வரை உண்டு. லைசென்ஸில் ஏற்றிக்கொண்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சவுகார்பேட்டை_மூன்றாம்தலைமுறை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கடையில் தாத்தா காலத்திலிருந்து சரக்கு கை மாறுகிறது, ஒருநாளும் துப்பாக்கி வைத்ததில்லை. டிபன் கேரியரில் போகும், பழைய துணிப்பையில் போகும், நேரம் மாறும், ஆள் மாறும். அண்ணே, நீங்கள் சொன்னதில் எனக்குப் பகீர் என்றது பிஸ்டல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதே ஒன்பது மணி, அதே ரோடு, அதே ஸ்கூட்டர். முதலில் அதை மாற்றுங்கள். பின்னால் வந்து இடிக்கிறவன் உங்களை விழவைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். விழுந்து கிடக்கிறவன் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி யாருடைய துப்பாக்கி?

ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி (நகை வியாபாரிகளுக்கான இன்சூரன்ஸ்) எடுத்திருக்கிறீர்களா? வழியில் போகிற சரக்குக்கும் சேர்த்து எடுக்கலாம். எடுக்காவிட்டால் முதலில் அதற்குப் பணம் கட்டுங்கள்.

பெரம்பூர்_25மீட்டர்:

இவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இங்கே கேட்ட கேள்வி அது இல்லையே.

காலடிப்பேட்டை_ஆர்மரர்:

கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். நானே கேட்டிருக்கணும், மேகசினைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

தங்கசாலை_பட்டறை:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். முகூர்த்த சீசன், பட்டறையில் தலை நிமிர நேரமில்லை.

கன்ஸ்மித் ரிவால்வரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தேங்காய் எண்ணெய் காய்ந்து, பழுப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி. ஸ்பிரிங் அதில் ஒட்டிக்கொண்டு சுத்தியல் முழு வேகத்தில் விழவில்லையாம். குங்குமம் திருகுக்குள் போய் செம்மண் மாதிரி இறுகியிருந்தது. "உங்கள் அப்பா பக்தியோடு கெடுத்திருக்கிறார்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

கழுவி மாட்டிய பிறகு ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது பதினேழு தோட்டா. நாலு வெடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முப்பது எண்ணினேன், பக்கத்து லேனில் இருந்தவர்களும் சுடுவதை நிறுத்திவிட்டுக் கூடவே எண்ணினார்கள். அதில் ஒன்று இரண்டாவது அடியில் வெடித்தது. மிச்சம் மூன்றையும் டீலரிடம் திருப்பி எழுதிக்கொடுத்தாயிற்று. புதிதாக வாங்கிய, கட்கி அரசு ஆலையில் செய்த தோட்டா, அடியில் கே.எஃப். முத்திரை போட்டது, இருபத்தைந்தும் ஒழுங்காகப் போனது. என் குறி எங்கே போனது என்பதைக் கேட்காதீர்கள்.

கிளப்பில் ஒருவர் தன்னுடைய சின்ன .32 பிஸ்டலை அவர் பக்கத்தில் நின்றபடி பத்து ரவுண்டு சுடவைத்தார். ஏழாவதில் வெற்றுக் கூடு வெளியே முழுசாகப் போகாமல் ஸ்லைடில் குத்திட்டு நின்றது. அவர் வாங்கிச் சுட்டால் ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டைத் தளர விடுகிறாய் என்றார். ஆர்மரர் ஐயா சொன்ன நாலாவது, கை, அதுதான் போல. ஸ்லைடை இழுப்பதற்கே எனக்கு வேர்வைக் கையோடு இரண்டு முறை வழுக்கியது. பட்டறைக்காரன் கை ஐயா, நாள் முழுக்க இடுக்கி பிடித்து மரத்துப்போன கை.

ஆக, பிஸ்டல் இல்லை. ரிவால்வரும் இப்போது தினம் இடுப்பில் இல்லை, பட்டறை லாக்கரில் இருக்கிறது. பாலிசி எடுத்துவிட்டேன், பிரீமியத்தைப் பார்த்து அம்மா ஒருநாள் பேசவில்லை. சரக்கு எப்போது, எப்படிப் போகிறது என்று இங்கே எழுத மாட்டேன், சவுகார்பேட்டைத் தம்பி திட்டுவார். தடங்கல் இல்லாத நூறு ரவுண்டு கணக்கில் இன்னும் எழுபத்தைந்து பாக்கி. நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தால் எப்படியும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டியதுதான்.

நேற்று டீலர் போன் செய்து, அந்த பிஸ்டல் வேறொருவருக்குப் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். சரி என்றேன். பாட்டிலை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிவந்தேன். அம்மா கழுவி வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார்.